நாட்டின் கொள்கை முடிவுகளை எது தீர்மானிக்கிறது: அரசியலா, பொருளாதாரமா?

கேள்வி இதுதான்: ஓர் அரசு பெரிய கொள்கை முடிவு எடுக்கும்போது அதை உண்மையில் தீர்மானிப்பது பொருளாதாரமா, அரசியலா? நிபுணர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருப்பதை அரசுகள் ஏன் கண்டுகொள்வதில்லை? அப்புறம் திடீரென்று ஒரே மாதத்தில் அதையே ஏன் செய்து முடிக்கின்றன?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எதைச் செய்யக் கையில் வசதி இருக்கிறது, எதை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்பதைப் பெரும்பாலும் பொருளாதாரம் முடிவு செய்கிறது. அந்த எல்லைக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது, சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதை அரசியல் முடிவு செய்கிறது. "இது பொருளாதார முடிவு, இதில் அரசியல் இல்லை" என்று எந்த நிதியமைச்சராவது சொன்னால், சுமை யார் தலையில் இறங்கியது என்று பார்த்தால் போதும். அரசியல் அங்கேதான் இருக்கும்.

இதற்கு 1991 இந்தியாவைப் போல வசதியான உதாரணம் கிடைக்காது. பலருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் வழக்கமாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. கச்சா எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவில் வேலை செய்தவர்கள் அனுப்பிய பணம் குறைந்தது, வெளிநாடுவாழ் இந்தியர்கள் வங்கிகளில் போட்டிருந்த டாலர் வெளியேறத் தொடங்கியது. 1991 நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. மே மாதம் 20 டன் தங்கம் ஸ்விட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி இன்னும் ஏறத்தாழ 47 டன்னை அடகு வைத்தது. இதுவரை எல்லாரும் சொல்வார்கள்.

விட்டுப்போகும் முதல் விஷயம், யோசனைகள் முன்பே தயாராக இருந்தன என்பது. தொழில் தொடங்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய லைசென்ஸ் முறையைத் தளர்த்த வேண்டும், இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும், ரூபாயின் மதிப்பு செயற்கையாக உயர்ந்து நிற்கிறது என்பதெல்லாம் அரசின் உள்வட்டத்தில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டவை. அரசில் இருந்த பொருளாதார அறிஞர் மாண்டேக் சிங் அலுவாலியா 1990-லேயே இதையொட்டி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். யோசனை இருந்தும் எதுவும் நடக்கவில்லை. லைசென்ஸ் வைத்திருந்த தொழிலதிபர்களுக்கு அந்த முறை லாபம். அதை வழங்கும் அமைச்சகங்களுக்கு அது அதிகாரம். அந்த முறையால் நஷ்டப்பட்டவர்களோ, தொடங்கப்படாமலே போன தொழில்களின் முதலாளிகளும் அங்கே கிடைத்திருக்க வேண்டிய வேலை கிடைக்காதவர்களும். தொடங்காத தொழிலுக்குச் சங்கம் கிடையாது.

இரண்டாவது, நெருக்கடி முற்றிய பிறகும் அரசியல் ஒதுங்கிக்கொள்ளவில்லை. நரசிம்ம ராவ் ஜூன் 21-ஆம் தேதி பிரதமராகிறார், சிறுபான்மை அரசு. ரூபாயின் மதிப்பை இரண்டு கட்டமாகக் குறைப்பது என்று முடிவாகிறது. ஜூலை 1 முதல் கட்டம், ஜூலை 3 இரண்டாம் கட்டம். முதல் கட்டத்துக்கே கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்து ராவுக்குத் தயக்கம் வருகிறது. இரண்டாவதை நிறுத்த முடியுமா என்று நிதியமைச்சர் மன்மோகன் சிங்கிடம் கேட்கிறார். அவர் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த ரங்கராஜனைத் தொலைபேசியில் பிடிக்கிறார். அதற்குள் அறிவிப்பு வெளியாகிவிட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. கஜானா காலியாக இருக்கும்போதுகூட ஒரு பிரதமர் கடைசி நிமிடத்தில் அரசியல் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆட்சி கவிழ்ந்துவிட்டால் இரண்டாம் கட்டத்துக்கு அடுத்த கட்டம் எதுவும் இருந்திருக்காது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது: எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற பட்டியல். ஜூலை 24 அன்று பட்ஜெட்டுக்குச் சில மணி நேரம் முன்பு, அதிகச் சத்தமில்லாமல், புதிய தொழிற்கொள்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றது அது. தொழில்துறையை ராவ் தன் கையிலேயே வைத்திருந்தார். ஆனாலும் அறிக்கையை வைத்தது அவருடைய இணையமைச்சர். மறுநாள் பத்திரிகைகளில் பட்ஜெட்தான் பெரிதாக வரும் என்பது தெரியாதவரா ராவ்! செலாவணி மதிப்பு, லைசென்ஸ், இறக்குமதி வரி எல்லாம் பெரும்பாலும் அறிவிக்கை மூலமோ பட்ஜெட் மூலமோ மாற்றக்கூடியவை. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற சட்டத்தைத் தொட, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வேண்டும். எதிரே வலுவான தொழிற்சங்கங்கள் வேறு. அது தொடப்படவே இல்லை. உர விலையை 40 சதவீதம் ஏற்றுவதாக அதே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். விவசாயத் தொகுதி உறுப்பினர்கள், சொந்தக் கட்சிக்காரர்கள் உட்பட, கொதித்தார்கள். சில வாரங்களில் அது 30 சதவீதமாகக் குறைந்தது, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. ஒரே நெருக்கடி, ஒரே நிதியமைச்சர், ஒரே பட்ஜெட். எதிர்ப்பவர் யார், அவர் கையில் எத்தனை ஓட்டு என்பதைப் பொறுத்து ஒன்று முழுதாக நின்றது, இன்னொன்று பாதியாக நின்றது, மற்றொன்று பட்டியலிலேயே இல்லை.

சரி, இதிலிருந்து பொதுவான விஷயத்துக்கு வருவோம்.

ஒரு கொள்கையால் சிலருக்கு மட்டும் பெரிய லாபம், செலவு கோடிக்கணக்கானவர்கள் மேல் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் அந்தக் கொள்கை எளிதில் சாகாது. அரசியல் பொருளாதாரத்தில் இதைவிடத் திரும்பத் திரும்ப உண்மையாகும் விதி எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்காவில் சர்க்கரை விலை உலக விலையைவிடக் கணிசமாக உயர்வாகவே இருந்துவந்திருக்கிறது, பல ஆண்டுகளில் இரு மடங்குகூட. இறக்குமதிக்கு ஒதுக்கீடு வைத்து உள்நாட்டு விலையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பயனடைவது சில ஆயிரம் பண்ணைகளும் சில ஆலைகளும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது, அதற்காக யாரும் தெருவுக்கு வரப்போவதில்லை. கரும்பு, பீட் விவசாயிகளுக்கோ அதுதான் பிழைப்பு. தேர்தல் நன்கொடையும் தருவார்கள், ஓட்டையும் அதை வைத்தே போடுவார்கள். இரு கட்சி ஆட்சிகளிலும் அந்தத் திட்டம் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் இந்த விதியை உடைக்கவே முடியாதா? முடியும். முடிவு எடுக்கப்படும் இடத்தை மாற்றினால் முடிவும் மாறும். 1930-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஸ்மூட்-ஹாலி என்ற வரிச்சட்டத்தைக் கொண்டுவந்தது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் அதிபர் ஹூவரிடம் மனுக் கொடுத்தார்கள். போட்டார். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிப் பொருளுக்கு வரி கேட்டு, அடுத்தவர் கேட்பதற்கு ஓட்டுப் போட்டார். மொத்தத்தில் யாருக்கும் பிடிக்காத சட்டம் எல்லார் கையாலும் உருவானது. மற்ற நாடுகளும் பதிலுக்கு வரி போட்டன. 1934-இல் வேறு ஒரு சட்டம் வந்தது: பிற நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு வரியைப் பாதி வரை குறைக்கும் அதிகாரம் அதிபருக்கு. ஒவ்வொரு பொருளாக நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு இனி கிடையாது. இதனால் ஆட்டமே மாறியது. முன்பு வரிக்குறைப்பு என்றால் நஷ்டப்படுபவர் மட்டும்தான் கத்துவார். இப்போது நாம் வரியைக் குறைத்தால் அந்த நாடும் குறைக்கும், ஆகவே ஏற்றுமதியாளருக்கு லாபம், அவரும் வாஷிங்டனுக்கு வந்து பேசினார். பொருளாதாரப் பாடம் 1930-க்கும் 1934-க்கும் நடுவில் மாறிவிடவில்லை. பெருமந்தம் அடித்த அடியும், ஆட்சி மாறியதும், முடிவு எடுக்கும் மேசை மாறியதும்தான் வித்தியாசம். பல தசாப்தங்கள் வரியைக் குறைக்கப் பயன்பட்ட அதே ஏற்பாடு, அதாவது வரி விஷயத்தில் அதிபருக்குத் தாராள அதிகாரம், பிற்காலத்தில் வரியை ஏற்றவும் கைகொடுத்தது. அது வேறு கதை.

எரிபொருள் மானியத்துக்கு வருகிறேன். கொள்கை எப்படி உருவாகிறது என்று யாருக்காவது பாடம் எடுக்க வேண்டியிருந்தால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். இதில் பொருளாதாரம் ஓரளவு தெளிவு. மலிவு பெட்ரோலில் அதிகம் பயனடைவது அதிகம் வண்டி ஓட்டும் வசதியானவர்கள், அரசின் பணம் கரைகிறது, கடத்தல் நடக்கிறது. எடுத்துவிட்டு அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்பதில் இடதும் வலதும் ஓரளவு உடன்படும். ஆனால் கை வைத்த அரசுகளின் கதியைப் பாருங்கள்.

இந்தோனேசியாவில் 1998 மே மாதம், நாணய நெருக்கடியின் நடுவில், சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்துக்கு உட்பட்டு அதிபர் சுகார்த்தோ பெட்ரோல் விலையை 70 சதவீத அளவுக்கு ஏற்றினார். மே 4-ஆம் தேதி அறிவிப்பு. கலவரம் வெடித்தது. மே 21-ஆம் தேதி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டவர் பதவி விலகினார். விலையேற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ரூப்பியா ஏற்கனவே விழுந்திருந்தது, வேலைகள் போயிருந்தன, குடும்ப ஊழல் பற்றிய கோபம் பழையது. தீக்குச்சி கிழித்த இடம் அதுதான். அதே நாட்டில் 2005 அக்டோபரில் அதிபர் யூதோயோனோ எரிபொருள் விலையைச் சராசரியாக இரு மடங்குக்கும் மேல் ஏற்றினார். இது சுகார்த்தோ ஏற்றியதைவிட அதிகம். ஆட்சி நிலைத்தது, 2009 தேர்தலிலும் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். என்ன வித்தியாசம்? விலையேற்றத்தோடு கூடவே ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு லட்சம் ரூப்பியா வீதம், மூன்று மாதத்துக்குச் சேர்த்து, ரொக்கமாகக் கொடுத்தார். மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபர் வேறு. அடுத்த தேர்தலுக்கு நான்கு ஆண்டு இருந்தது. அந்தத் தேர்தல் நெருங்கியபோது உலக விலை இறங்கியது, இவரும் பெட்ரோல் விலையை இறக்கினார்.

ஈரான் 2010-இல் செய்தது இன்னும் நுணுக்கமானது. ரொட்டி, எரிபொருள் மானியங்களை வெட்டுவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் இழப்பீட்டுப் பணத்தைப் போட்டார்கள். ஆனால் விலை உயரும் நாள் வரை எடுக்க முடியாது. கணக்கில் பணம் தெரிகிறது, கைக்கு வர வேண்டுமானால் அந்த நாள் வர வேண்டும். டிசம்பரில் விலைகள் பல மடங்கு ஏறின, பெரிய எதிர்ப்பு இல்லை. பிறகு பணவீக்கம் அந்த இழப்பீட்டின் மதிப்பைத் தின்றுவிட்டது. 2019 நவம்பரில் நள்ளிரவில் முன்னறிவிப்பின்றி பெட்ரோல் விலையை ஏற்றினார்கள், இழப்பீடு பின்னால் வரும் என்றார்கள். நாடெங்கும் போராட்டம் வெடித்தது. அடக்குமுறையில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பணம் முன்னால் வந்ததா, பின்னால் வருமா என்பதில் அரசின் மேல் உள்ள நம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நைஜீரியாவில் 2012 ஜனவரி 1 அன்று லிட்டர் 65 நைராவாக இருந்த பெட்ரோல் ஒரே நாளில் 141-க்குப் போனது. பொது வேலைநிறுத்தம். இரண்டு வாரத்தில் அரசு இறங்கிவந்து 97-க்குக் கொண்டுவந்தது. எண்ணெய் வளத்தால் தங்கள் கைக்கு வரும் ஒரே பலன் மலிவு பெட்ரோல்தான், மீதி மேலே உள்ளவர்கள் பைக்குப் போகிறது என்று மக்கள் நினைத்தார்கள். "மிச்சமாகும் பணத்தில் சாலை போடுவோம், மருத்துவமனை கட்டுவோம்" என்ற வாக்குறுதியை அவர்கள் நம்பக் காரணம் எதுவும் இல்லை. பொருளாதார வாதம் அங்கே தோற்றது அறியாமையால் என்று நினைப்பவர்கள் உண்டு. மக்கள் போட்ட கணக்கு சரியான கணக்கு என்பது என் கருத்து. பின்னர் 2023 மே மாதம் பதவியேற்ற அன்றே புதிய அதிபர் டினுபு மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். கஜானா அதற்குள் வேறு வழியில்லாத நிலைக்கு வந்திருந்தது. நான்காண்டுத் தவணையின் முதல் நாளைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் இல்லை.

இந்தியா டீசலில் கடைப்பிடித்தது அரவமில்லாத வழி. 2013 ஜனவரியிலிருந்து லிட்டருக்கு மாதம் சுமார் 50 காசு ஏற்றினார்கள். ஐம்பது காசுக்கு யாரும் பந்த் நடத்த மாட்டார்கள். 2014 அக்டோபரில் உலக விலை சரிந்துகொண்டிருந்தபோது கட்டுப்பாட்டை முழுவதும் எடுத்தார்கள், அன்றைக்கு விலை இறங்கவே செய்தது. தொடங்கிவைத்தது ஓர் ஆட்சி, முடித்து வைத்தது அடுத்த ஆட்சி. உலக விலை மேலும் இறங்கியபோது உற்பத்தி வரியைப் பலமுறை ஏற்றி, அந்தப் பலனில் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது பெரிய தொகை, ஆனால் வராமல் போன விலைக்குறைப்புக்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை. 2017 முதல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் தினமும் நிர்ணயிப்பதாக ஏற்பாடு. இருந்தும் 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை 137 நாள் பெட்ரோல், டீசல் விலை நகரவில்லை. நடுவில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் மார்ச் 10 அன்று வந்தன. நிறுவனங்கள்தான் விலையை முடிவு செய்கின்றன என்பது காகிதத்தில் உண்மை.

இங்கே தேர்தல் நாட்காட்டி என்ற விஷயம் வருகிறது. இதில் துருக்கியை மிஞ்ச ஆளில்லை. 2021 மார்ச்சில் வட்டியை 19 சதவீதமாக உயர்த்திய மத்திய வங்கி ஆளுநரை அதிபர் எர்டோகன் இரண்டே நாளில் நீக்கினார். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வட்டி 14-க்கு இறக்கப்பட்டது. லிரா சரிந்தது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. பொருளாதாரப் பாடப்படி அவர் தேர்தலில் தோற்றிருக்க வேண்டும். ஆனால் குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றினார், இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம் கிடைக்கச் சட்டம் கொண்டுவந்தார், ஒரு மாதம் இயற்கை எரிவாயு இலவசம் என்றார். 2023 மே மாதம் வென்றார். ஜூனிலேயே மெஹ்மெத் ஷிம்ஷெக்கை நிதியமைச்சராகக் கொண்டுவந்து, 8.5 சதவீதமாக இருந்த வட்டியை 15 ஆக்க இடம் கொடுத்தார். 2024 மார்ச்சில் அது 50 சதவீதம். மேக்கு முன்னும் ஜூனுக்குப் பின்னும் பொருளாதாரம் ஒன்றுதான். ஓட்டுப் போடும் நாள் கடந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆபத்துக்குப் பயந்துதான் பல நாடுகள் வட்டி விகிதத்தை அரசியல்வாதிகள் கையிலிருந்து எடுத்தன. நியூசிலாந்து 1989-இல் சட்டம் போட்டது. பிரிட்டனில் 1997 மே மாதம் ஆட்சிக்கு வந்த சில நாட்களில் லேபர் கட்சி நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் வட்டி அதிகாரத்தை இங்கிலாந்து வங்கியிடம் விட்டார். இந்தியா 2016-இல் பணக்கொள்கைக் குழுவும் 4 சதவீதப் பணவீக்க இலக்கும் வைத்தது. ஓர் அரசியல்வாதி அதிகாரத்தை ஏன் தானாக விட்டுக்கொடுக்க வேண்டும்? லேபர் கட்சிக்குப் பழைய பணவீக்கக் கெட்டபெயர் இருந்தது. அதைக் கழுவ இது சிக்கனமான வழி. கடன் சந்தை நம்பியது, அரசின் கடன் மலிவானது. வட்டி ஏறும்போது திட்டு வாங்குவதும் வேறொருவர். இதுவும் அரசியல் முடிவுதான்.

கடன் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கிய ஏழை நாட்டுக்கு மட்டும்தான் சந்தை கடிவாளம் போடும் என்று நினைப்பார்கள். 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனில் லிஸ் டிரஸ் அரசு சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தது. பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை, அரசின் வரவுசெலவைத் தனியாக மதிப்பிடும் நிதிப் பொறுப்பு அலுவலகத்தின் வழக்கமான மதிப்பீட்டையும் வெளியிடவில்லை. அரசுக் கடன் பத்திரங்களின் விலை விழுந்தது, அதை அடமானமாக வைத்திருந்த ஓய்வூதிய நிதிகள் தள்ளாடின. 28-ஆம் தேதி இங்கிலாந்து வங்கி தலையிட்டுப் பத்திரங்களை வாங்க வேண்டி வந்தது. நிதியமைச்சர் போனார், பின்னாலேயே பிரதமரும் போனார், மொத்தம் ஏழு வாரம். நாடாளுமன்றத்தில் அவருக்குத் தாராளப் பெரும்பான்மை இருந்தது என்பதை மறக்க வேண்டாம். சந்தைக்கு ஓட்டுரிமை கிடையாது, வட்டி விகிதம் உண்டு.

இதுவரை சொன்னதில் அரசியல் என்பது நல்ல பொருளாதாரத்துக்கு முட்டுக்கட்டை என்ற தொனி வந்திருந்தால் அது தவறு. எதிர்ப்பில்லாத அரசு சிறப்பாக முடிவெடுக்கும் என்று நம்புபவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 2019 இறுதியில் வந்த கோட்டாபய அரசு மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்கியது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலம், அதைக்கொண்டு அரசியல் சாசனத்துக்கு 20-ஆவது திருத்தம், அதிபர் கையில் அதிகாரம் குவிந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை. மக்கள் உடல்நலம் என்று காரணம் சொல்லப்பட்டது, டாலர் தட்டுப்பாடும் பின்னால் இருந்தது. வேளாண் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். விவசாயிகள் வயலில் இறங்கிப் போராடினார்கள். கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்து, மிச்சம் பிடித்த டாலர் அரிசி இறக்குமதிக்குப் போனது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஜூலையில் அதிபர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார்.

1991-இல் ராவ் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை, அதனால் உர விலை விஷயத்தில் பின்வாங்கியது. 2021-இல் கொழும்புக்குப் பெரும்பான்மை இருந்தது, அதனால் உர விஷயத்தில் ஆறு மாதம் பின்வாங்கவில்லை. எதிர்ப்பு என்பது ஒரு வகையில் தகவல். இந்த முடிவால் எங்கே யாருக்கு அடிபடுகிறது என்பதை எந்த அமைச்சகக் கோப்பும் ஒரு கோபமான உறுப்பினர் அளவுக்குச் சீக்கிரம் சொல்லாது. சுயநலத்தால் எழும் சத்தமும் அதில் கலந்திருக்கும், பிரித்தறிவதுதான் ஆட்சியாளரின் திறமை.

ஆகவே ஒரு கொள்கை அறிவிப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் நோக்கவுரையை இல்லை. எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது, யாருக்கு விலக்கு, இழப்பீடு முன்னாலா பின்னாலா, இதைச் செய்ய நாடாளுமன்ற ஓட்டு வேண்டுமா அறிவிக்கை போதுமா, இதற்குமேல் தள்ளிப்போட முடியாத நிலை வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பேன். ஜெர்மனியில் இதை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2009-இல் அந்த நாடு அரசின் கடனுக்கு அரசியல் சாசனத்திலேயே பூட்டுப் போட்டது. 2023, 2024 இரண்டு ஆண்டும் பொருளாதாரம் சுருங்கியது, அமெரிக்கப் பாதுகாப்பை நம்ப முடியுமா என்ற சந்தேகம் வேறு. பூட்டைக் காப்பேன் என்ற பேச்சோடு 2025 பிப்ரவரி தேர்தலில் பழமைவாதக் கட்சித் தலைவர் மெர்ட்ஸ் முதலிடம் பிடித்தார். மார்ச் 18 அன்று பூட்டைத் தளர்த்தும் திருத்தம் நிறைவேறியது. ராணுவச் செலவில் உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்டதற்குக் கடன் வரம்பு இல்லை, உள்கட்டமைப்புக்கு 500 பில்லியன் யூரோ நிதி. பசுமைக் கட்சியின் ஓட்டு தேவைப்பட்டதால் அதில் 100 பில்லியன் காலநிலை நிதிக்குப் போனது. ஓட்டுப் போட்டது புதிதாகத் தேர்வான சபைகூட இல்லை, கலையப்போகும் பழைய சபை. புதிய சபையில் இந்தக் கட்சிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு இருக்காது, அது ஒரு வாரத்தில் கூடவிருந்தது. கட்டாயத்தைப் பொருளாதாரமும் பாதுகாப்பும் கொடுத்தன, தேதியை இருக்கைக் கணக்கு கொடுத்தது, 100 பில்லியனைக் கூட்டுச் சேர்ந்தவரின் பேரம் கொடுத்தது. வட்டி கட்டப்போகிறவர்களில் பலருக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயதே வரவில்லை. பேரம் அவ்வளவு விரைவில் படிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.